பெருமாளுக்கு நேர்ந்த முடி

போன வாரம் என் மச்சான் ஒரு சீப்பு வாங்கினான்.

இதைச் சொல்வதற்காகவே சிதம்பரத்திலிருந்து போன் செய்தான். "மாமா, சீப்பு வாங்கிட்டேன். சட்டை பாக்கெட்ல வெச்சிக்கிற மாதிரி சின்னது." பின்னால் பஸ் ஸ்டாண்ட் ஹாரன் சத்தம். நான் அப்போது கடலூரில், மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் நின்று கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேரத்தை அப்படியே விட்டுவிட்டேன். சொன்ன விலைக்கே கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மனைவி சுமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு சீப்புக்கு யாராவது அழுவார்களா? எங்கள் வீட்டில் அழுவார்கள். ஏனென்று சொல்கிறேன்.

மச்சான் என்றால் சுமதியின் தம்பி, இளங்கோ. நாற்பதைத் தொடப்போகிறவன். சிதம்பரத்துக்கும் குமராட்சிப் பக்கத்து ஊர்களுக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறான். ஸ்டாப்பிங் என்பதெல்லாம் அவனுக்குச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கை காட்டுகிற இடத்தில் நிறுத்துவான். நாற்றுக்கட்டு ஏறும், ஆட்டுக்குட்டி ஏறும், 'அஞ்சு நிமிஷம் நில்லு, தலைய வாரிட்டு வந்துர்றேன்' என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தால் அதற்கும் நிற்பான். பயணிகள் அவனைத் திட்டிக்கொண்டே அவன் பஸ்ஸில்தான் ஏறுவார்கள்.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் மழைக்காலத்தில் வருகிற காய்ச்சலெல்லாம் டெங்குதான் — வேறு ஏதோ என்று யாராவது நிரூபிக்கும்வரை. என் மாமியார், அதாவது அத்தை, பப்பாளி இலையை அரைத்துச் சாறு கொடுத்தார். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். காய்ச்சல் இரண்டையும் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பிரஷ் சரியில்லை என்று பிரஷ்ஷை மாற்றினான். தொடையில், கையில் எல்லாம் கன்றிப்போன நீலத் தடங்கள். கியர் ராடில் இடித்திருக்கும் என்றான். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்வதற்குள் மூச்சு வாங்கியது. வயசாயிடுச்சு மாமா என்று சிரித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் சிதம்பரத்தில் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தான். எந்தத் தெருவிலும் எடுக்கிற பரிசோதனைதான். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் லேபுக்கு போன் செய்தார், ஸ்லைடை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். அப்புறம், "பாண்டிச்சேரிக்குப் போயிடுங்க. இன்னைக்கே" என்றார். நாளைக்கு என்று சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, பெயர் சொன்னார்கள். அக்யூட் மைலாய்டு லுகேமியா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அக்யூட் என்றால் வேகமாக வருவது. மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க அது நேரம் தராது.

எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் ஓர் இளம் பெண் டாக்டர். பொறுமைசாலி. மேஜைமேல் கிடந்த பேப்பரில் எலும்பு ஒன்றைப் படம் போட்டார். "ரத்தம் உள்ள இந்த மஜ்ஜையிலதான் உற்பத்தி ஆகுது. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் இங்க பிறந்து, வளர்ந்து, வேலைக்குத் தயாரானதும் ரத்தத்துக்கு வரும். இந்த நோயில ஒரு வகை அணு வளராம குழந்தையாவே நின்னுடும். வேலை செய்யாது. ஆனா பெருகிக்கிட்டே இருக்கும், இடத்தை அடைச்சுக்கும். அதனால நல்ல அணுக்களுக்கு இடமில்ல. சிவப்பணு குறைஞ்சதால மூச்சு வாங்குது. பிளேட்லெட் குறைஞ்சதால ஈறுல ரத்தம், உடம்புல நீலம். உருப்படியான வெள்ளையணு இல்லாததால காய்ச்சல்."

மச்சான் பஸ் ஓட்டினாலும் வயல்காட்டுப் பிள்ளை. கொஞ்சநேரம் படத்தையே பார்த்தான். "நாத்தங்கால் பூரா கோரை மண்டிடுச்சு. அதான டாக்டர்?"

"அதேதான்."

"மருந்தடிச்சா நாத்தும் சேந்து கருகுமே?"

"கருகும். ஆனா நாத்து மறுபடி முளைக்கும். கோரை முளைக்கக் கூடாது. அதுக்குத்தான் வைத்தியமே."

அத்தைக்கு வேறு கேள்வி. "எம்புள்ள பீடி, சிகரெட் தொட்டதில்ல. அவனுக்கு ஏம்மா இது வரணும்? பஸ்சுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சோம், ஊரு கண்ணு பட்டுடுச்சா?" டாக்டர் சிரிக்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: பெரும்பாலும் இதற்கு இன்னதுதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஏதோ ஓர் அணுவுக்குள் ஏற்படும் மாற்றத்தில் தொடங்குகிறது. தொற்றாது. அநேகமாகப் பரம்பரையாகவும் வருவதில்லை. யாருடைய தப்பும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதுவரை பப்பாளி இலைச் சாற்றில்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

வெளியே வந்தார். வராந்தாவில் நின்று, "திருவந்திபுரம் எந்தப் பக்கம் மாப்ள?" என்று கேட்டார். நான் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "தேவநாதா, எம்புள்ள எழுந்து நடந்து வரட்டும். அவன் முடி உனக்கு."

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: திருப்பதிவரை போக முடியாத எங்களுக்குத் திருவந்திபுரம்தான். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதப் பெருமாள், பக்கத்திலேயே சின்ன மலை. அந்த மலைக்குப் பெயரே மருந்து மலை என்று அர்த்தம் வருகிற ஔஷதகிரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற ஒரு தாய் வேறு யாரைக் கூப்பிடுவார்?

சிக்கல் எங்கே வந்தது என்றால், மருந்து ஆரம்பித்தபோது டாக்டர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையில். "இன்னும் கொஞ்ச நாள்ல முடி கொட்டும். பயப்படாதீங்க, திரும்ப வந்துடும்."

அத்தை பயப்படவில்லை. யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிகிச்சை இப்படி. ஒரு மருந்து ஒரு வாரம் முழுக்க ராத்திரி பகல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு மருந்து முதல் மூன்று நாள். அது நல்ல சிவப்பு. "மாமா, ஒண்ணுக்கு ரோஸ்மில்க் கலர்ல போவுது" என்று மச்சான் போனில் ரிப்போர்ட் கொடுத்தான். மருந்து முடிந்தபிறகுதான் அசல் கண்டம். கோரையோடு நாற்றும் கருகி, நிலம் வெறுமையாகக் கிடக்கிற வாரங்கள் அவை. புது அணுக்கள் முளைக்கிறவரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்டப் பூஜ்யம். மாஸ்க் போட்ட ஒருவர் மட்டும் கூட இருக்கலாம். அவன் மனைவி செல்வி இருந்தாள். பச்சைக் காய்கறி, வெளிச்சாப்பாடு, பூ, பிரசாதம் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஊரிலிருந்து வந்த சாத்துக்குடிகளையெல்லாம் நானும் வாட்ச்மேனும் சாப்பிட்டோம்.

அந்த வாரங்களில் ஒரு நாள் காலை, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அத்தை. பக்கத்தில் வெள்ளைச்சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர். ஊரில் முடி வெட்டுகிற மணி. அவர் கையில் ஒரு பை. அத்தை கையில் மஞ்சள் துணி.

"என்னா அத்தை?"

"கொட்டப்போவுதுன்னு அந்த டாக்டர் பொண்ணே சொல்லிட்டா. பெருமாளுக்குன்னு நேந்த முடி, ஆஸ்பத்திரி தொடப்பத்துல போவலாமா? கொட்டுறதுக்கு முன்னாடி நாமளே எடுத்துட்டா, இந்தத் துணியில முடிஞ்சி நான் கொண்டுபோய்க் கோயில்ல சேத்துடுறேன். மணி அண்ணன் அஞ்சு நிமிஷத்துல வேலய முடிச்சிடுவாரு."

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எப்படியும் போகிற முடி. போகிற இடம் கொஞ்சம் நல்ல இடமாக இருக்கட்டுமே... பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன், நாலும் படித்தவன் என்று பெயர். நானே கதவைத் தட்டினேன்.

நல்ல வேளை, ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எதிரே வந்தார். "பையில என்ன?" என்றார். மணி பெருமையாகத் திறந்து காட்டினார். கிண்ணம், சீப்பு, புதிதாகத் தீட்டிய சவரக்கத்தி.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவரை குரல் உயர்த்தியே பார்த்திராதவர், "எல்லாரும் வெளிய வாங்க" என்றார்.

வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னார். "நமக்கு ஷேவிங்ல ஒரு கீறல் விழுந்தா என்ன பண்ணுவோம்? படிகாரத்தைத் தேய்ப்போம், நின்னுடும். அதை நிறுத்துறது படிகாரம் மட்டும் இல்ல, நம்ம ரத்தத்துல இருக்கிற பிளேட்லெட். இவருக்கு அது இப்ப இல்லவே இல்லைங்கிற மாதிரி. வெளியிலேர்ந்து நாங்க ஏத்திக்கிட்டு இருக்கோம். கீறல் விழுந்தா ரத்தம் நிக்காது. அந்தக் கீறல் வழியா ஒரு கிருமி உள்ள போனா, அதை எதிர்க்க ஒரு வெள்ளையணு கிடையாது. நாளைக்குள்ள நமக்கு அவர் இல்லாம போயிடலாம்மா."

மணிதான் முதலில் அசைந்தார். கத்தியை எடுத்துப் பைக்குள் வைத்து, பையை மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கதவைத் தட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

அத்தை லேசில் விடுகிறவரா? அழுதுகொண்டே வாதாடினார். "அப்ப என் வேண்டுதலு?"

"கத்தி வேணாம். கொட்ட ஆரம்பிச்சதும் மிஷின் வெச்சு ஒட்ட வெட்டிடலாம். தோல்ல படாது. நானே ஏற்பாடு பண்றேன்."

"மிஷின்ல எடுத்தா அது கட்டிங்மா. மொட்ட இல்ல."

டாக்டர் எத்தனையோ புத்தகங்கள் படித்திருப்பார். இதற்குப் பதில் எதிலும் இருந்திருக்காது. கடைசியில் அத்தையே தீர்ப்பு சொன்னார். இப்போது போகிற முடி ஆஸ்பத்திரி கணக்கு. பெருமாள் கணக்கு அப்படியே நிற்கிறது. அவன் எழுந்து நடந்து, முடி திரும்ப முளைத்து, அந்த முடிதான் கோயிலுக்கு.

அதாவது, பெருமாள் இனி தன் முடி வேண்டுமானால் முதலில் மச்சானைப் பிழைக்கவைத்தாக வேண்டும். அத்தையிடம் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் தப்பித்ததில்லை.

அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் குளிர்கிறது என்றான். இந்தச் சமயத்தில் காய்ச்சல் என்றால் ஓட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் செல்வி ஓடினாள். ரத்தம் எடுத்தார்கள், உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வார்டுக் கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முடி கொட்டி மொட்டையாகிவிட்ட தலை, போர்வைக்குள் உடம்பு உதறுகிறது. என் கல்யாணத்தில் என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த பையன். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அந்தக் குறை ஒருநாளும் தெரியாமல் பார்த்துக்கொண்டவன். அவனை இழந்துவிடுவேனோ என்று அப்போதுதான் முதல்முறையாக, வெளிப்படையாக, எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். சுமதி பக்கத்தில் நின்றதால் சத்தமில்லாமல் அழுதேன்.

பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, அவன் மினி பஸ் பயணிகள் வந்தார்கள். தலை வாரும்வரை பஸ்ஸை நிறுத்திவைக்கிற கும்பல்தான். "எங்களுக்காக எவ்ளோ நேரம் நின்னிருப்பாரு சார்" என்று கையை நீட்டினார்கள்.

காய்ச்சல் இறங்கியது. ரிப்போர்ட்டில் வெள்ளையணு மெல்ல மெல்ல ஏறியது. "முளைக்குது மாமா" என்றான் போனில். குரலே மாறியிருந்தது. மறுபடி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ரெமிஷன் என்றார் டாக்டர்.

அத்தை மஞ்சள் துணியை எடுத்துவிட்டார். "அப்ப திருவந்திபுரம் போவலாமா?"

"கொஞ்சம் இருங்கம்மா. மைக்ராஸ்கோப்ல தெரியல, அவ்ளோதான். அடியில ஒரு கிழங்கு ஒளிஞ்சிருந்தாலும் திரும்ப மண்டிடும்." கோரையைப் பற்றி இதற்குள் டாக்டருக்கும் நிறையத் தெரிந்திருந்தது. அதனால் இன்னும் சில சுற்று மருந்து. அணுக்களின் மரபணுவைச் சோதித்ததில் அவனுடையது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை என்று வந்தது. அப்படி இல்லாதவர்களுக்கு, பொருந்துகிற ஒருவரின் ஸ்டெம் செல்லை வாங்கி ஏற்றுவார்கள், கூடப்பிறந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். சுமதி அதற்கு ஏற்கெனவே தயாராகி, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். தேவைப்படாததில் அவளுக்கு நிம்மதிதான். கூடவே, கொஞ்சூண்டு ஏமாற்றமும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு சுற்று முடிந்ததும் தலையில் பூனை முடிபோல ஏதோ தெரியும். அத்தை தடவிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அடுத்த சுற்று வரும், போய்விடும். மறுபடி முளைக்கும். மறுபடி போகும். "பெருமாளுக்குக் குடுக்க நாலு வெரக்கடை முடி நிக்க மாட்டேங்குதே" என்று டாக்டரிடமே புகார் செய்தார். டாக்டர் மன்னிப்புக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாச் சுற்றும் முடிந்தது. செக்கப்புக்கு மட்டும் போய்வந்துகொண்டிருக்கிறான். இன்னும் சில வருஷம் போகவும் வேண்டும். பஸ்ஸை மறுபடி எடுத்துவிட்டான். முடி வளர்ந்தது. எப்படி வளர்ந்தது தெரியுமா? சுருள் சுருளாக, கருகருவென்று. நோய்க்கு முன்னால் உச்சியில் லேசாக வழுக்கை எட்டிப்பார்த்த தலை அது. இப்போது அந்த இடமே தெரியவில்லை. சிலருக்கு அப்படித்தான் முதலில் சுருண்டு வருமாம். பயலுக்குத் தலைகால் புரியவில்லை. சைடு மிரரைப் பார்க்கிற சாக்கில் தன்னையே பார்க்கிறான் என்று பயணிகள் புகார் சொல்கிறார்கள். அப்போதுதான் அந்தச் சீப்பு.

சீப்பு வாங்கிய செய்தி அத்தைக்கும் போனது. அத்தைக்கு அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நேற்று முன்தினம் எல்லாரும் திருவந்திபுரத்தில் இருந்தோம்.

டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். பிளேட்லெட் எல்லாம் நம்மைப்போலவே இருக்கிறது, மொட்டை போடலாம். ஒரே நிபந்தனை: புது பிளேடு. கோயிலும் ஆஸ்பத்திரியும் எங்கள் குடும்பத்தில் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அந்த பிளேடுதான்.

கோயிலில் ஏகப்பட்ட கல்யாணங்கள். மாலையும் கழுத்துமாக ஜோடிகள். மொட்டை போடும் இடத்துக்குப் போகிற வழியில் மச்சான் என் காதில் கிசுகிசுத்தான். "மாமா, பெருமாள் ஒரு ஆறு மாசம் வெயிட் பண்ண மாட்டாரா? காலேஜ்லகூட எனக்கு இப்பிடி முடி இருந்ததில்ல மாமா."

"உங்க அம்மாகிட்ட கேளு."

அவன் கேட்கவில்லை. சமர்த்தாக உட்கார்ந்துவிட்டான். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள். சுருளெல்லாம் படிந்து மண்டையோடு ஒட்டிக்கொண்டது. அந்த வாரங்களில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்தோமே, அதே மண்டை. அதே ஒடுங்கிய நெற்றி. புது பிளேடைப் பொருத்திக்கொண்டு மொட்டை போடுகிறவர் குனிந்தார்.

"இரு!"

அத்தை. யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுவில் புகுந்து மகன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். புடவை நனைகிறது. "வேணாம்யா. இந்தத் தலய நான் மொட்டையா பாத்தது போதும். இன்னொரு தரம் என்னால முடியாது."

செல்வி அந்தப்பக்கம் திரும்பி நின்றாள். மச்சான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நாற்பது வயசுக்காரன், குழந்தை மாதிரி அழுதான்.

"அப்ப வேண்டுதல்?" என்றாள் சுமதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கடன் கடன்தானே. மூன்று கத்தை முடியை மட்டும் அவனிடமிருந்து எடுத்தார்கள், மொட்டைக்குப் பதிலாகக் கொடுக்கிற பூமுடி என்று. மஞ்சள் துணிக்கு அது போய்ச் சேர்ந்தது. மிச்சம்? அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கொண்டையை அவிழ்க்கப் போனார். "யம்மா, உனக்கு எதுக்கு!" என்று மச்சான் கையைப் பிடித்தான். அவர் விடுவதாக இல்லை. "பெருமாள் காத்திருந்து குடுத்தாருடா. வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

ஈரத் தலையோடு அவன் என்னைப் பார்த்தான். சுமதி என்னைப் பார்த்தாள். பிளேடு வைத்திருந்தவரும் பார்த்தார். அத்தை கொண்டையைப் பிடித்த கையோடு, மிக மரியாதையாகக் கேட்டார்: "மாப்ளையும் எனக்குப் புள்ளதான?"

இந்தப் பத்தியின் மேலே, என் பெயருக்குப் பக்கத்தில் ஒருவர் தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள்... அது பழைய போட்டோ.